சிறுவேடமும் பெருநடிப்பும்

நாடகம் காணச் செல்வோருள் பெரும்பாலார் கதைத்தலைவனையும் தலைவியையும் காணவே செல்கின்றனர். விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் பொறிக்கப்படுவன அவ்விருவர் பெயர்களே. ஆயின், காட்சி முடிந்து வீடு திரும்பியபின் நெஞ்சைவிட்டு அகலாது நிற்பது பல வேளைகளில் தலைவன் முகம் அன்று. சிறிது நேரமே தோன்றி மறைந்த ஒரு காவலன் முகமோ, ஒரு கஞ்சன் முகமோ, பிடிவாதம் மிக்க ஒரு முதியவன் முகமோ நம் உள்ளத்தில் தங்கிவிடுகின்றது. இத்தகைய முகங்களைப் படைத்துத் தருவோரையே குணச்சித்திர நடிகர் என்று வழங்குகின்றோம். கதை என்னும் மாளிகையைத் தாங்கும் தூண்கள் இவர்கள். மாளிகையின் அழகைப் புகழ்வோரோ தூண்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வகை நடிகருள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஜான் லாரி. அறுபதாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் நடிப்பையே தொழிலாகக் கொண்டு, 1980-ஆம் ஆண்டில் தம் 83-ஆம் வயதில் மறைந்தவர். அவர் வாழ்க்கையைக் குறித்து ஒரு வழக்கு இருந்துவருகின்றது. அவ்வழக்கில் உலகம் ஒரு பக்கம் நிற்கின்றது. ஜான் லாரியே மறுபக்கம் நிற்கின்றார். உலகம் அவரை அறிந்தது, தம் முதுமையில் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடரில் அவர் ஏற்ற பிணப்பெட்டி செய்வோன் வேடத்தினால். அவரோ, "ஷேக்ஸ்பியரின் பெருவேடங்களையெல்லாம் ஏற்று நடித்தவன் நான், இந்த அற்பத்திற்காகவோ எனக்குப் புகழ் வரவேண்டும்?" என்னும் கருத்துப்படக் கசந்து பேசியதை உடன் பணியாற்றினோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். உலகம் அவருடைய முற்பகுதியை மறந்தது. அவர் தம் பிற்பகுதியை இகழ்ந்தார். இவ்விரு தீர்ப்பும் குறையுடையன என்பதும், இரண்டு பகுதியும் ஒரே கலையின் இரு முகங்களே என்பதும் என் கருத்து. அதனை அவர் வரலாற்றைக் கொண்டே நிறுவ முயல்கின்றேன்.

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் நித் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் ஒரு கரையில் டம்ஃப்ரீஸ் நகரம் உள்ளது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1796-இல் உயிர்நீத்த ஊர் அது. மறுகரையில் உள்ளது மாக்ஸ்வெல்டவுன். அங்கே 1897-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் ஜான் லாரி பிறந்தார். தந்தையார் கம்பளித்துணி ஆலை ஒன்றில் எழுத்தராக இருந்து, பின்னர்த் தொப்பி முதலியன விற்கும் வாணிகம் செய்தவர். மகன் டம்ஃப்ரீஸ் அகாடமியில் பயின்றார். நாடகாசிரியர் ஜே. எம். பாரி இளமையில் பயின்ற பள்ளியும் அதுவே. பள்ளிப் படிப்பு முடிந்தபின் லாரி கட்டடக் கலையைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள எண்ணினார்.

அவ்வெண்ணத்தைப் போர் கெடுத்தது. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது அவருக்கு வயது 17. கௌரவப் பீரங்கிப் படையைச் சேர்ந்து போர்க்களம் சென்றார். அங்குக் கண்டவை அவர் உள்ளத்தை ஆழமாகத் தாக்கின. போர் ஓய்ந்தபின் கட்டடக் கலைக்கு அவர் திரும்பவில்லை. இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் எல்சி ஃபோகர்ட்டி என்னும் பெருமாட்டியார் நடத்திவந்த பேச்சுக்கலைப் பள்ளியை நாடினார். சொல்லைச் சிதையாமல் ஒலிப்பது எங்ஙனம், மூச்சை ஆள்வது எங்ஙனம், பாட்டின் நடையை உடைக்காமல் பொருளைப் புலப்படுத்துவது எங்ஙனம் என்பனவெல்லாம் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் ஆங்கில நாடக உலகின் இரு சுடர்களாக விளங்கிய லாரன்ஸ் ஒலிவியரும் பெக்கி ஆஷ்கிராஃப்டும் இதே அம்மையாரிடம் பயின்றோரே. லாரி 1921-இல் தம் ஊராகிய டம்ஃப்ரீஸிலேயே முதன்முதலாக மேடையேறினார். அன்று அவர் நடித்தது தம் பள்ளியின் பழைய மாணவராகிய பாரி எழுதிய நாடகம் என்பது மகிழ்ந்து நினைக்கத்தக்கது.

1922 முதல் 1939 வரையுள்ள ஆண்டுகளே அவர் மேடைவாழ்வின் உச்சி. இலண்டனில் உள்ள ஓல்டு விக் அரங்கிலும், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊராகிய ஸ்ட்ராட்ஃபோர்டிலும் அவர் ஏற்ற வேடங்கள் பல. ஹாம்லெட், மாக்பெத், மூன்றாம் ரிச்சர்டு ஆகிய பெருவேடங்களை அவர் தாங்கினார். இவற்றுள் ஒன்றைத் திறம்பட நடித்தாலே ஒரு நடிகன் தன் பிறவி பயனுற்றதாகக் கருதுவான். ஆகவே முதுமையில் அவர் கசந்து பேசியது வெறுஞ் செருக்கு அன்று. கற்றறிந்த ஒருவன் தன் கல்வியை யாரும் அறியாதபோது கொள்ளும் வருத்தமே அது.

இனி அவருடைய திரைப்படப் பணியை நோக்குவோம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1930-இல் ஷான் ஓ'கேசியின் 'ஜூனோவும் மயிலும்' என்னும் நாடகத்தைப் படமாக்கியபோது, அயர்லாந்துக் கலகத்தில் கை இழந்து, தோழனைக் காட்டிக்கொடுத்த குற்றத்தால் நடுங்கி வாழும் ஜானி பாயிலாக லாரி தோன்றினார். அதே ஹிட்ச்காக் 1935-இல் எடுத்த 'முப்பத்தொன்பது படிகள்' என்னும் படத்தில் அவருக்குக் கிடைத்தது மிகச் சிறிய வேடம். கொலைப்பழி சுமந்து தப்பியோடும் கதைத்தலைவன், ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஓர் இரவு தங்கும் குடிசையின் சொந்தக்காரனாகிய ஏழை உழவன் வேடம் அது. தலைவனாக நடித்தவர் ராபர்ட் டோனட். உழவனின் இளமனைவியாக நடித்தவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட்.

அக்காட்சியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மூவரும் இரவு உணவுக்கு அமர்கின்றனர். உழவன் தலைகுனிந்து உணவுக்கு முன் இறைவனுக்கு நன்றி கூறுகின்றான். மேசைமேல் கிடக்கும் செய்தித்தாளில் தலைவனைப் பற்றிய கொலைச் செய்தி உள்ளது. மனைவி அதனைக் கண்டு தலைவனை நோக்குகின்றாள். தலைவன் கண்களால் அவளை இரக்கின்றான். வாய் வேண்டுதலை ஓதிக்கொண்டிருக்கையிலேயே உழவனின் விழிகள் மெல்லத் திறந்து, அவ்விருவர் நோக்கையும் கண்டு, அதற்குக் காதல் என்று பொருள் கொள்கின்றன. பின்னர், தொழுவத்தைப் பூட்டிவருவதாகச் சொல்லி வெளியே சென்று, சாளரத்தின் வழியே உள்ளே உற்றுப் பார்க்கின்றான். பொறாமை, காசாசை, வெளிப்பக்தி, தனிமை ஆகிய நான்கும் ஒட்டிய கன்னங்களும் குழிந்த கண்களும் உடைய அம்முகத்தில் ஒருங்கே தெரிகின்றன. அவன் பேசும் சொற்கள் மிகச் சிலவே. இறைவனை வாயால் வாழ்த்திக் கண்ணால் அயலாரைச் சந்தேகிக்கும் அம்மனிதனைக் காணுந்தோறும், சமயப் பற்றுடைய குடும்பங்களில் வளர்ந்த நமக்கு உள்ளம் சுடாமல் இராது. முழுப் படத்தில் இது ஒரு சிறு பகுதியே. ஆயினும் அவ்வீட்டின் துன்பம் முழுவதும் நமக்கு விளங்கிவிடுகின்றது. ஒதெல்லோவின் பொறாமையைக் காட்ட ஷேக்ஸ்பியருக்கு ஐந்து அங்கம் வேண்டியிருந்தது. லாரி தம் மேடைப் பயிற்சி முழுவதையும் ஒரே நோக்கில் அடக்கித் தந்தார்.

தலைமைக்கு நிகரான வேடமும் அவருக்குத் திரையில் கிடைக்காமல் இல்லை. மேலைக்கடலில் ஸ்காட்லாந்துக்கு அப்பால் தனித்துக் கிடக்கும் தீவுக்கூட்டம் செயின்ட் கில்டா. அங்கு வாழ்ந்தோர் நோயாலும் வறுமையாலும் குறைந்து குறைந்து, இறுதியில் எஞ்சிய 36 பேரும் தம் வேண்டுகோளின்படியே 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். இச்செய்தியால் தூண்டப்பெற்ற மைக்கேல் பவல் என்னும் இயக்குநர் அதனை ஒரு படமாக்கினார். செயின்ட் கில்டாவில் படமெடுக்க இசைவு கிடைக்காமையால், ஷெட்லாந்தைச் சேர்ந்த ஃபூலா என்னும் தீவிற்கு நடிகரையும் தொழிலாளரையும் அழைத்துச் சென்றார். புயலும் கடலும் அவர்களை அங்கே சிறைப்படுத்திய நாட்களும் உண்டு. 1937-இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'உலகின் விளிம்பு'. அதில் லாரி பீட்டர் மான்சன் என்னும் குடும்பத் தலைவர். தீவைவிட்டுப் போவதற்கு இறுதிவரை உடன்படாதவர் அவர். மகனை மலைமுகட்டில் பலிகொடுத்தபின்னும் மண்ணின்மேல் கொண்ட பற்றை விடாது நின்று, மக்கள் வெளியேறும் நாளில் தாமும் செங்குத்தான பாறையினின்று வீழ்ந்து அத்தீவிலேயே உயிர்விடுகின்றார். பிடிவாதம் என்று நாம் எளிதில் இகழும் குணத்திற்குள் எத்துணைப் பெரிய அன்பு ஒளிந்திருக்கக்கூடும் என்பதை லாரியின் நடிப்பு காட்டுகின்றது.

ஒலிவியர் ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களைத் தாமே இயக்கிப் படமாக்கினார். மூன்றிலும் லாரிக்கு இடம் இருந்தது. 1944-இன் 'ஐந்தாம் ஹென்றி'யில் ஸ்காட்லாந்துப் படைத்தலைவன் ஜேமி. 1955-இன் 'மூன்றாம் ரிச்சர்டு'வில் லவல் பிரபு. 1948-இன் 'ஹாம்லெட்'டில் காவலன் பிரான்சிஸ்கோ. இவற்றுள் இறுதியிற் கூறிய வேடம் என் உள்ளத்தைக் கவர்கின்றது. பிரான்சிஸ்கோ என்பவன் யார்? நாடகத்தின் தொடக்கத்தில் நள்ளிரவிற் கோட்டைக் காவல் நின்று, மாற்றுக் காவலன் வந்ததும் குளிரையும் நெஞ்சின் வாட்டத்தையும் சொல்லிவிட்டுப் போகின்றவன். பின்னர் அவன் வருவதே இல்லை. ஒரு காலத்தில் ஹாம்லெட்டாகவே நின்று அரங்கை ஆண்ட ஒருவர், 51-ஆம் வயதில் அதே நாடகத்தில் இக்காவலனாக நிற்க உடன்பட்டார். இதனை வீழ்ச்சி என்று சொல்வாரும் உளர். யான் அங்ஙனம் கருதவில்லை. அரண்மனையில் ஏதோ கேடு நேர்ந்துள்ளது என்னும் அச்சத்தை அவையோர் நெஞ்சில் முதலில் விதைப்பவன் அக்காவலன் அல்லனோ? வாயிலில் நிற்பவன் நடுங்காவிடின் உள்ளே வரும் ஆவிக்கு யார் அஞ்சுவர்? ஹாம்லெட்டின் துயர் முழுவதையும் உள்ளிருந்து அறிந்த ஒருவரே அவ்வாயிலில் நிற்கத் தக்கவர்.

இனி அவர் இகழ்ந்த வேடத்திற்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில், வயது முதிர்ந்தோரும் படையிற் சேரத் தகுதியற்றோரும் கூடி 1940-இல் ஆங்கில நாட்டில் ஊர்க்காவற் படைகள் அமைத்தனர். ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்ட் என்னும் இருவர் அப்படையைக் கதைப்பொருளாகக் கொண்டு 'டாட்ஸ் ஆர்மி' என்னும் தொடரை எழுதினர். பி. பி. சி. தொலைக்காட்சி அதனை 1968-ஆம் ஆண்டு ஜூலை 31 முதல் 1977-ஆம் ஆண்டு நவம்பர் வரை 80 பகுதிகளாக ஒளிபரப்பியது. கற்பனைக் கடற்கரை ஊர் ஒன்றில் அமைந்த அப்படையில், பாரா தீவிலிருந்து வந்து குடியேறிப் பிணப்பெட்டி செய்து பிழைக்கும் ஃபிரேசர் என்னும் கிழவனே லாரியின் வேடம். சிறு இடர் நேர்ந்தாலும் விழிகளை உருட்டி, "எல்லாம் அழிந்தது" என்று முழங்குவது அவன் இயல்பு. தொடர் தொடங்கியபோது லாரிக்கு வயது 71, முடிந்தபோது 80.

அத்தொடரைக் கண்டு சிரித்தவர்கள் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். அம்மேடையில் துப்பாக்கி ஏந்தித் தள்ளாடிய கிழவர் சிலர் இளமையில் மெய்யாகவே போர்முனையில் நின்றவர்கள். லாரி அவர்களில் ஒருவர். அதனுடன் இரண்டாம் போரின்போது ஊர்க்காவற் படையிலும் பணியாற்றியவர். சாதுவான காட்ஃபிரே என்னும் கிழவனாக நடித்த ஆர்னல்டு ரிட்லி 1916-இல் சோம் போரில் கடுங்காயம் பட்டவர். 'ஆவி இரயில்' என்னும் புகழ்பெற்ற நாடகத்தை எழுதியவரும் அவரே. போரை அறியாதார் போரை நகையாடினால் அது கேலியாகும். அறிந்தார் நகையாடும்போது அதில் ஒரு கனிவு சேர்ந்துவிடுகின்றது.

நகை என்னும் மெய்ப்பாட்டை எட்டனுள் முதலாக வைத்த தொல்காப்பியர், அதன் நிலைக்களங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். நகையை அடுத்து அவர் வைத்தது அழுகையை. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது தமிழ் பயிலும் எனக்குப் பொருளுடையதாகவே தோன்றுகின்றது. ஃபிரேசரைக் கண்டு நமக்கு நகை பிறப்பது எதனால்? அவன் ஒருபோதும் சிரிப்பதில்லை என்பதனால்தான். ஒருமுறை ஃபிரேசர், பழைய வெற்றுக் களஞ்சியம் ஒன்றின் கதையைச் சொல்லப்போவதாகத் தொடங்குகின்றான். குரல் தாழ்கின்றது, கண்கள் விரிகின்றன, சூழ இருப்போர் மூச்சடக்கி நெருங்குகின்றனர். முடிவில் அவன் சொல்வது, அக்களஞ்சியத்தினுள்ளே ஒன்றுமே இல்லை என்பது! இவ்விகடத்தை வேறு எவர் சொன்னாலும் ஒரு நொடியில் மறைந்திருக்கும். மாக்பெத்தின் நள்ளிரவை அறிந்த குரல் அதனைச் சொன்னமையால், அவையோர் முதலில் மெய்யாகவே அஞ்சினர். அஞ்சியதனாலேயே பின்னர்ச் சிரித்தனர். உழவனின் சந்தேகக் கண்ணும், மான்சனின் பிடிவாதமும், பிரான்சிஸ்கோவின் நடுக்கமும் அக்கிழவனுள் ஒருங்கே குடியிருந்தன. ஐம்பதாண்டுப் பயிற்சியில் தேடிவைத்த செல்வத்தையே அவர் அங்குச் செலவிட்டார்.

ஆகவே, அதனை அற்பம் என்று லாரி கூறியது தம் கலைக்குத் தாமே இழைத்த அநீதியாகும். ஷேக்ஸ்பியரே கல்லறை தோண்டுவோனையும் குடிமயக்கமுள்ள வாயிற்காவலனையும் தம் பெருந்துயர நாடகங்களுள் வைத்தார். அவர்களை நீக்கிவிட்டால் அந்நாடகங்கள் குறையுடையன ஆகிவிடும். அவ்வாறிருக்க, பிணப்பெட்டி செய்வோன் வேடம் ஷேக்ஸ்பியர் நடிகருக்கு எங்ஙனம் இழுக்காகும்?

ஆயினும் அவர் கசப்பில் ஒரு நியாயம் உண்டு. மேடை நடிப்பு நீரெழுத்துப் போன்றது. 1920-களில் அவர் ஹாம்லெட்டாக நின்றதைக் கண்ட கண்கள் மூடிவிட்டன. அந்த நடிப்பை இன்று நாம் எங்கும் காண இயலாது. திரையில் எஞ்சியவை மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளன. கிடைத்ததையே முழுமை என்று எண்ணுவது மக்கள் இயல்பு. இளமைக்காலத்து அருஞ்செயலை அறிந்தோர் இலராக, முதுமைக்காலத்து எளிய செயலைத் தெருவில் கண்டோரெல்லாம் கூவிப் புகழும்போது, எந்தக் கலைஞனுக்கும் நெஞ்சு நோகத்தான் செய்யும். இங்கே குற்றம் அவருடையது அன்று, நம்முடையது. ஒருவர் வாழ்வின் இறுதி அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டு நூல் முழுவதையும் கற்றதாக நாம் மகிழ்கின்றோம்.

1978-இல் மைக்கேல் பவல் மீண்டும் ஃபூலா தீவிற்குச் சென்றார். நாற்பதாண்டுக்கு முன் தம்முடன் அங்கிருந்தோருள் எஞ்சிய சிலரை உடன் அழைத்துச் சென்று அத்திரும்புகையையும் படமெடுத்தார். 81 வயதான லாரி அவர்களுள் ஒருவர். தொலைக்காட்சி தந்த பெரும்புகழுடன் அவர் சென்ற இடம் அரங்கமோ பாராட்டு மண்டபமோ அன்று. இளமையில் உழைத்த ஒரு பாறைத் தீவு. பீட்டர் மான்சனாக நடித்தபோது முதுமையை அவர் வேடமாகப் பூண்டார். இப்போது அது அவருக்கே உரியதாயிற்று. இரண்டாண்டு கழித்து, 1980-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அவர் இறந்தார். அவர் உடலின் சாம்பல் கடலில் தூவப்பட்டது.

இதனைப் படிக்கும் மாணவத் தோழர்க்கு ஒரு சொல். ஆண்டுதோறும் கல்லூரி நாடகத்திற்கு வேடம் பங்கிடும் நாளில் தலைவன் வேடத்திற்குப் பலர் முந்துவதும், காவலன் வேடத்திற்கு ஒருவரையும் காணாமையும் எங்கும் உள்ளதே. கல்லூரியைவிட்டு வெளியே சென்றபின்னும் இந்நிலை மாறுவதில்லை. நம்முள் பெரும்பாலார்க்கு உலகம் தரப்போவது தலைமை வேடம் அன்று. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் இலக்கணம் கற்பிக்கும் வேடமாகவோ, அலுவலகத்தின் மூலையில் கணக்கெழுதும் வேடமாகவோ அது இருக்கலாம். அவ்வேடம் வந்து சேரும்போது, "யான் கற்ற கல்வி இதற்கோ?" என்னும் கேள்வி நம் நெஞ்சிலும் எழும். கற்றது வீணாகவில்லை என்பதற்கு ஜான் லாரியின் நடிப்பே சான்று. அவருடைய கசப்பை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. கசந்துகொண்டே பத்தாண்டுக் காலம் அச்சிறுவேடத்தை ஒருநாளும் அரைமனத்தோடு செய்யாத அவருடைய உழைப்பைப் பின்பற்றினால் போதும்.